செம்பருத்தியின் விளிம்பு

பின்னணி நீக்கிய படம் ஒன்று உங்கள் பார்வைக்கு வந்தால், தரம் பார்க்க அதன் மெல்லிய இடங்களுக்குப் போங்கள். பூவென்றால் காம்பு. மனிதரென்றால் காதோரம், விரலிடுக்கு, மூக்குக்கண்ணாடியின் கம்பி. சைக்கிளென்றால் சக்கரக் கம்பிகளுக்கு நடுவே தெரியும் வெளி. பருத்த இடங்களை யார் வேண்டுமானாலும் வெட்டிவிடலாம். மெல்லிய இடத்தில்தான் வெட்டியவரின் கண் தெரியும். காம்பு பாதியில் மொட்டையாக நின்றாலோ, விரலிடுக்கில் பழைய சுவரின் பச்சை ஒட்டிக்கொண்டிருந்தாலோ, அந்தப் படத்தை எவ்வளவு அழகான ஸ்லைடில் கொண்டுபோய் வைத்தாலும் அது அங்கே குடியேறாது.

இந்த வேலை என்றதும் எல்லோரும் ஃபோட்டோஷாப்பைத்தான் சொல்வார்கள். பென் டூலை எடுத்து, புள்ளி புள்ளியாக வைத்து, வளைவு வளைவாக இழுத்து உருவத்தைச் சுற்றி வருகிற டி.டி.பி. கலைஞர்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் நான் இங்கே பேச நினைப்பது பவர்பாயிண்டைப் பற்றி. பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் ஏதோ ஒரு மேசைக் கம்ப்யூட்டரில் எப்போதும் இருக்கிற மென்பொருள். அதில் 2010 பதிப்பில் ‘ரிமூவ் பேக்ரவுண்ட்’ என்றொரு பொத்தான் வந்தது. அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருப்பவை இரண்டே இரண்டு பென்சில்கள். ஒன்று கூட்டல் குறி போட்டது, ‘இது இருக்கட்டும்’ என்று சொல்ல. மற்றது கழித்தல் குறி போட்டது, ‘இது போகட்டும்’ என்று சொல்ல. கை நடுங்குகிறவருக்கும் மவுஸ் பழகாதவருக்கும் இது உதவும். கவனித்துப் பார்க்காதவருக்கு உதவாது. இந்தக் கருவி எனக்குப் பிடித்ததற்கு முதல் காரணம் அதுதான்.

ஒரு செம்பருத்தியை எடுத்துக்கொள்வோம். பூவின் பாகங்களைச் சொல்லிக்கொடுக்க நம் அறிவியல் ஆசிரியர்கள் காலங்காலமாகக் கையில் எடுக்கும் பூ. பெரியது, வேலியோரத்தில் கிடைப்பது, பாகங்கள் அத்தனையும் கண்ணுக்குத் தெரிவது. ஐந்து இதழ்கள். நடுவிலிருந்து நீண்டு வெளியே வரும் மகரந்தத்தாள் குழாய், அதன் மேல்பாதியைச் சுற்றி மஞ்சள் மகரந்தப் பைகள். குழாய்க்குள்ளே புகுந்து மேலே வந்து ஐந்தாகப் பிரிகிற சூல்தண்டு, அதன் நுனியில் ஐந்து சிவப்புச் சூல்முடிகள். அடியில் பச்சைப் புல்லி வட்டம், அதற்கும் வெளியே மெல்லிய பச்சை நரம்புகளாகப் புறப்புல்லி வட்டம், பிறகு காம்பு. பாடத்துக்கு இவை அத்தனையும் வேண்டும். காம்பவுண்டுச் சுவரும் துணி காயப்போட்ட கொடிக்கம்பியும் வேண்டாம்.

படத்தை ஸ்லைடில் வைத்து, அதன்மேல் சொடுக்கி, ‘பிக்சர் ஃபார்மேட்’ தாவலுக்குப் போனால் இடது கோடியில் அந்தப் பொத்தான் இருக்கும். அழுத்தியதும் ஒரு கணம் தயங்கி, படத்தின்மேல் அடர்ந்த ஊதா கலந்த இளஞ்சிவப்பு பரவும். அது பரவிய இடமெல்லாம் போகப்போகிற இடம். சொந்த நிறத்தோடு நிற்பது மிஞ்சப்போகிற இடம். இதழ்கள் பெரும்பாலும் அப்படியே நிற்கும். பச்சை இலைகளுக்கு முன்னால் சிவப்பு இதழைப் பிரிப்பது எந்த இயந்திரத்துக்கும் கடினமில்லை. ஆனால் புல்லி வட்டம் காணாமல் போயிருக்கும், காம்பும் போயிருக்கும். பின்னாலிருக்கும் இலையும் பச்சை, காம்பும் பச்சை. நிறத்தை வைத்துக் கணக்குப் போடுகிற கருவிக்கு அவை இரண்டும் ஒரே கூட்டம். குழாயின் நுனிப்பக்கம் சில மகரந்தப் பைகளும் ஊதாவில் மூழ்கியிருக்கும்.

இங்கேதான் ரசனை தொடங்குகிறது. முதலில் கன்ட்ரோல் பொத்தானைப் பிடித்தபடி மவுஸ் சக்கரத்தை உருட்டி, காம்பு விரல் பருமனாகத் தெரியும்வரை படத்தைப் பெரிதாக்க வேண்டும். கூட்டல் பென்சிலை எடுத்து, காம்பின் நடுவில் சின்னதாக ஒரு கோடு. விளிம்பை ஒட்டி வரைய எல்லோருக்கும் கை பரபரக்கும், வரையக் கூடாது. அந்தக் கோட்டில் நாம் எல்லை வகுத்துக் கொடுப்பதில்லை, ஒரு மாதிரியைக் காட்டுகிறோம்: ‘இந்தப் பச்சை பூவைச் சேர்ந்தது’ என்று. எல்லையைக் கருவி தேடிக்கொள்ளும். கோட்டை விட்டதும் படம் மறுபடி கணக்கிடப்பட்டு, காம்பு மீண்டு வரும். கூடவே பின்னாலிருந்த இலையில் ஒரு பங்கும் வந்துவிடும். இப்போது கழித்தல் பென்சிலால் அந்த இலையின் நடுவில் ஒரு கோடு. இலை போகும், சில வேளை காம்பும் கொஞ்சம் இளைக்கும். இப்படி இழுத்தும் தள்ளியும் சில கோடுகளில் ஒரு சமநிலைக்கு வரலாம். குறைந்த கோடுகளில் முடித்தவர்தான் நன்றாகச் செய்தவர். கோடுகள் பெருகப் பெருக விளிம்பு பல் பல்லாகிவிடும். ஒரு கோடு வேலையைக் கெடுத்துவிட்டால், அதைச் சரிக்கட்ட இன்னொரு கோடு போடாமல் கன்ட்ரோல் இசட் போட்டுப் பின்வாங்கிவிடுவதே மேல்.

மகரந்தத்தாள்களுக்கு நடுவே சின்னச் சின்ன இடைவெளிகளில் பின்னாலிருக்கும் இலையின் பச்சை தெரியும். ஒவ்வொன்றையும் நீக்கப் புறப்பட்டால் பைகளும் சேர்ந்தே உதிரும். நான் பெரிய இடைவெளிகளை மட்டும் திறந்துவிடுவேன். கடைசி பெஞ்சிலிருந்து பார்க்கிற பிள்ளைக்கு, நுனியில் வெளிச்சம் ஊடுருவுகிறது என்ற உணர்வு வர அவ்வளவு போதும்.

அடுத்த கேள்வி, காம்பை எங்கே முடிப்பது? கருவி இதைத் தானாக முடிவுசெய்ய விட்டால், நிறம் குழம்பிய இடத்தில் கோணலாக நிறுத்தும். நான் கிளையோடு சேரும் கணுவரை காம்பை வைத்துக்கொள்வேன். கணுவிலிருந்து புறப்படும் ஒரே ஒரு இலையையும் சேர்த்துக்கொள்வேன். செம்பருத்தி இலையின் ஓரத்தில் இருக்கும் பற்களை மாணவர் பார்க்க வேண்டும், நாளைக்கு வேலியில் பூ இல்லாத நாளிலும் செடியை அடையாளம் காண வேண்டும். அந்த இலை பின்னணியா, பூவின் பங்கா என்ற கேள்விக்கு எந்தக் கணக்கிலும் விடை கிடையாது. பாடம் எதைக் கேட்கிறதோ அதுதான் விடை.

இனி அந்த ஊதாத் திரைக்குப் பின்னால் நடப்பதைப் பார்க்கலாம். தெரிந்துகொண்டால் பென்சில் பிடிப்பதே மாறும்.

1955 இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்துக்காக ஹாரிஸ், ராஸ் என்ற இருவர் ஒரு ரகசிய அறிக்கை எழுதினார்கள். பொருள், சோவியத் யூனியனிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் இருந்த ரயில் பாதைகள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அதிகபட்சம் எவ்வளவு சரக்கு போக முடியும், எந்தப் பாதைகளைத் துண்டித்தால் மிகக் குறைந்த வெட்டில் போக்குவரத்து மொத்தமாக நிற்கும் என்பது கேள்வி. 1956 இல் ஃபோர்டு, ஃபல்கர்சன் என்ற இரு கணித அறிஞர்கள் இதன் அடியில் இருந்த தேற்றத்தை வெளியிட்டார்கள். ஒரு வலைப்பின்னலில் ஓடக்கூடிய அதிகபட்ச ஓட்டமும், அதை இரண்டாகப் பிரிக்கும் மிகச் சிறிய வெட்டின் அளவும் ஒன்றே என்பது அந்தத் தேற்றம். ரயில் அறிக்கையின் ரகசியத் தடை 1999 இல்தான் விலகியது. அதற்குள் அந்தத் தேற்றம் படங்களுக்குள் புகுந்துவிட்டிருந்தது.

படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் ஒரு ஸ்டேஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் புள்ளிகளோடு தண்டவாளம் போட்டிருக்கிறது. இரண்டு புள்ளிகளும் ஒரே நிறமென்றால் தடம் அகலம், வெட்டுவதற்குச் செலவு அதிகம். நிறம் சட்டென்று மாறுகிற இடத்தில் தடம் ஒடுங்கும், அங்கே வெட்டுவது மலிவு. இவற்றோடு இரண்டு பெரிய சந்திப்புகள்: ஒன்று ‘பொருள்’, மற்றது ‘பின்னணி’. ஒவ்வொரு புள்ளியும் தன் நிறத்துக்கு ஏற்ப இரண்டோடும் வெவ்வேறு வலுவில் இணைந்திருக்கும். இரண்டு சந்திப்புகளையும் முழுதாகப் பிரிக்கிற மிக மலிவான வெட்டு எதுவோ, அதுவே உருவத்தின் விளிம்பு. மனிதர் அங்கங்கே கோடு போட்டுக் காட்ட, அதை வைத்து இயந்திரம் இப்படி வெட்டுகிற முறையை 2001 இல் யூரி பாய்கோவும் மேரி-பியர் ஜாலியும் வகுத்துக் கொடுத்தார்கள். 2004 இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலுள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த கார்ஸ்டன் ரோதர், விளாடிமிர் கோல்மொகோரோவ், ஆண்ட்ரூ பிளேக் ஆகிய மூவரும் அதை இன்னும் எளிதாக்கி ‘கிராப்கட்’ என்று பெயரிட்டார்கள். பொருளைச் சுற்றி ஒரு சட்டம் போட்டால் போதும். சட்டத்துக்கு வெளியே உள்ளதெல்லாம் பின்னணி என்று எடுத்துக்கொண்டு, உள்ளேயும் வெளியேயும் எந்தெந்த நிறங்கள் கூட்டமாக இருக்கின்றன என்று பார்த்து, ஒரு வெட்டுப் போட்டு, அந்த வெட்டை வைத்து நிறக் கூட்டங்களைத் திருத்தி, மறுபடி வெட்டி, முடிவு நிலைப்படும்வரை தொடரும். இதுதான் 2010 இல் ஆஃபீஸுக்குள் வந்தது. 2010, 2013 பதிப்புகளில் அந்தச் சட்டம் கைப்பிடிகளோடு படத்தின்மேல் கண்ணுக்குத் தெரியும், இழுத்துச் சரிசெய்யலாம். அதைப் பூவோடு ஒட்டினாற்போல் இறுக்கி வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பிந்தைய பதிப்புகள் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டன. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

காம்பின் நடுவில் போட்ட ஒரு சிறு கோடு ஏன் அவ்வளவு வேலை செய்தது என்பது இப்போது விளங்கும். அந்தக் கோடு காம்பைப் ‘பொருள்’ சந்திப்போடு அறுக்க முடியாதபடி பிணைத்துவிட்டது. இனி வெட்டு அதைத் தாண்டி வேறெங்காவது மலிவான இடத்தைத் தேடியாக வேண்டும். காம்புக்கும் இலைக்கும் நடுவே விழுந்திருக்கும் மெல்லிய நிழலைக் கண்டுபிடித்து அதன் வழியே போகிறது. அந்த நிழலை முதலில் நாம் பார்த்திருந்தால்தான் கோட்டை எங்கே போடுவது என்பதும் தெரியும். மெல்லிய காம்பில் வெட்டு குறுக்கே பாய்வதற்கும் இதே கணக்குதான் காரணம். நீளமான காம்பின் இரு பக்கமும் சுற்றி வருவதைவிட, கழுத்தில் ஒரே வெட்டாக வெட்டுவது செலவு குறைவு. தானாக விட்டால் பூக்கள் காம்பிழப்பது அதனால்தான்.

அந்த ஊதாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீக்கப்போகிற இடத்தை ஒரு நிறத்தால் மூடிக் காட்டும் பழக்கம் கம்ப்யூட்டருக்கு முந்தியது. ஆஃப்செட் அச்சுக்கு ஃபிலிம் எடுத்த காலத்தில் ரூபிலித் என்ற செந்நிறத் தாள் இருந்தது. தெளிவான பாலியஸ்டர்மேல் மெல்லிய சிவப்புப் படலம். ஒளிமேசையில் படத்தின்மேல் அதைப் பரப்பி, கூர்மையான கத்தியால் உருவத்தின் ஓரமாக வெட்டுவார்கள். மேல்படலம் மட்டும் அறுபட வேண்டும், அடித்தாளில் கீறல் விழக் கூடாது. அந்த அழுத்தம் கைக்குப் பழக மாதக்கணக்காகும். பிறகு வேண்டாத சிவப்பை உரித்தெடுப்பார்கள். சிவப்புக்குக் காரணம், அச்சுக்கான லித் ஃபிலிமுக்குச் சிவப்பு ஒளி தெரியாது, அதன் கணக்கில் சிவப்பும் கறுப்பும் ஒன்றே. மேசையில் வேலை பார்க்கிறவருக்கோ சிவப்பின் ஊடாகக் கீழே இருக்கும் படம் தெரியும். (இன்டெலின் முதல் மைக்ரோபிராசசரான 4004 இன் சுற்றுவரைபடத்தையும் இதே சிவப்புத் தாளில்தான் வெட்டினார்கள்.) ஃபோட்டோஷாப்பின் ‘குவிக் மாஸ்க்’ இன்றும் சிவப்பாகத் திறப்பது அந்த மரபில்தான். பவர்பாயிண்ட் சிவப்பை விட்டு ஊதா கலந்த இளஞ்சிவப்புக்கு வந்திருக்கிறது. செம்பருத்தியை வெட்டும்போது அதன் அருமை தெரியும், ரத்தச் சிவப்பு இதழுக்குப் பக்கத்திலும் அந்தத் திரை தனியாகத் தெரிகிறது. காகிதப்பூவை வெட்டப் போனால் மட்டும் கொஞ்சம் திண்டாட வேண்டியிருக்கும், அதன் நிறமும் திரையின் நிறமும் அண்டைவீட்டுக்காரர்கள்.

சென்னை அண்ணா சாலையில் ஒருகாலத்தில் நின்ற சினிமா கட்அவுட்களையும் இந்தக் குடும்பத்தில் சேர்ப்பேன். ஒட்டுப்பலகையில் நாயகனை வரைந்து, ஓரத்தை அறுத்து எடுத்துவிட்டால், பின்னணி வானம்தான். தூக்கிய கைக்கும் இடுப்புக்கும் நடுவே பலகையை அறுத்துத் திறந்துவிட்ட கட்அவுட்டுக்கும், அங்கே பலகையை அப்படியே விட்டு நீலம் பூசிய கட்அவுட்டுக்கும் இருந்த தூரம் பெரியது. அந்தத் திறப்பின் வழியே நிஜ மேகம் நகர்ந்தால்தான் நாயகன் நிற்பான்.

இப்போது கடினமான ஒரு படம். டி.டி.பி. கடைகளுக்கு அடிக்கடி வருவது. கண்ணீர் அஞ்சலி நோட்டீஸுக்காகக் குடும்பத்தார் ஒரு படம் கொண்டுவருவார்கள். பெரியவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. பின்னால் சுண்ணாம்படித்த வெள்ளைச் சுவர். வேறு நல்ல படம் வீட்டில் இல்லை. அதுவும் வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி வந்திருக்கும். பொத்தானை அழுத்தினால் முகமும் கைகளும் தப்பும், சட்டை ஊதாவில் கரைந்துவிடும். வெள்ளைக்கும் வெள்ளைக்கும் நடுவே மலிவான வெட்டு எங்கே இருக்கிறது?

தேடினால் இருக்கும். வேட்டியின் கரை முதல் உதவி. பச்சையோ மெரூனோ ஒரு நூல் அகலம் இருந்தாலும், கீழ்ப்பக்க விளிம்பை அது பிடித்துத்தரும். அடுத்தது மடிப்புகள். சட்டையின் தோள்பட்டை மடிப்பில் சாம்பல் படிந்திருக்கும், சுவரில் அது இருக்காது. கூட்டல் பென்சிலை அந்தச் சாம்பலின்மேல் ஓட்ட வேண்டும். பக்கத்திலேயே சுவரில் ஒரு கழித்தல் கோடு. சுவருக்கு உற்றுப் பார்த்தால் லேசான மஞ்சள் இருக்கும், சட்டையில் நீலம் போட்ட வெண்மை இருக்கும். பழைய காலத்துப் பெரியவர்களின் சட்டையில் அந்த நீலம் நிச்சயம். அந்த வேற்றுமை கண்ணில் பட்ட பிறகு வேலை நகரும். வாட்ஸ்அப் படத்தில் மட்டும் இது கைகூடாது. படத்தைச் சுருக்கும்போது விளிம்புகளைச் சுற்றிக் கட்டம் கட்டமாக அழுக்குப் படிந்து, மெல்லிய நிற வேற்றுமைகள் முதலில் அழியும். அதே படத்தைக் கைப்பேசியிலிருந்து டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குவது பென்சில் பிடிப்பதற்கு முந்திய பாதி வேலை.

அப்படியும் பிடிபடவில்லையென்றால் பின்னணியை நீக்காதீர்கள். சுவரோடு வைத்து, ‘கிராப் டு ஷேப்’ போட்டு முட்டை வடிவில் நறுக்கி, ‘சாஃப்ட் எட்ஜஸ்’ கொடுத்து ஓரத்தைக் கரைத்துவிடலாம். பழைய ஸ்டுடியோக்கள் பெரியவர்களின் மார்பளவுப் படத்தைச் சுற்றி வெண்மையில் கரைத்துக் கொடுத்தது இப்படித்தான். சட்டையில் ஓட்டை விழுந்த, தோள் ஒன்று சப்பையான பெரியவரை எலுமிச்சை மஞ்சள் பின்னணியில் ஒட்டி வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். இறந்தவரின் படத்தைக் கையாளும்போது அந்தக் கவனம் அவருக்கு நாம் தர வேண்டிய மரியாதை. நீக்காமல் விடத் தெரிவதையும் இந்தக் கலையின் பகுதியாகவே நான் எண்ணுகிறேன்.

வெட்டி முடித்ததும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுவார்கள். பித்தளைக் குத்துவிளக்கு ஒன்றை வெட்டியெடுத்துப் பாருங்கள். விளிம்பு அப்பழுக்கில்லாமல் வந்திருக்கும், ஆனாலும் விளக்கு ஸ்லைடில் மிதக்கும். தரையில் பாதம் பட்ட இடத்தில் இருந்த நிழல் பின்னணியோடு போய்விட்டது. மென்பொருளே தருகிற ‘ஷேடோ’ வெட்டிய உருவத்தின் விளிம்பைப் பின்பற்றி விழும், அது ஒரு வசதி. எனக்கு அதைவிடப் பிடித்தது கையால் போடும் நிழல். விளக்கின் அடியில் தட்டையான ஒரு நீள்வட்டம் வரைந்து, கோட்டை எடுத்துவிட்டு, அடர்ந்த பழுப்பு நிரப்பி, பாதிக்கு மேல் ஒளிபுகவிட்டு, ‘சாஃப்ட் எட்ஜஸ்’ கொடுத்து, விளக்குக்குப் பின்னால் அனுப்பிவிட்டால் பாதம் தரையில் ஊன்றும். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்பதை விளக்கின் தண்டே சொல்லும். நிழல் அதற்கு எதிர்ப்பக்கம் சற்றே சாய வேண்டும்.

அதே விளக்கின் வயிற்றுப்பகுதியை உற்றுப் பாருங்கள். முற்றத்தில் வைத்து எடுத்த படமென்றால், பளபளப்பில் வாழைமரத்தின் பச்சையும் வானத்தின் வெளுப்பும் வளைந்து தெரியும். பின்னணியைச் சுற்றிலும் வழித்தெடுத்த பிறகும், பொருளுக்குள்ளேயே அது குடியிருக்கிறது. செம்பருத்தியிலும் அப்படியே, இதழின் ஓரத்தில் இலையின் பச்சை ஒரு முடி அகலத்துக்குப் பிரதிபலித்திருக்கும். அதைத் துடைக்கப் பவர்பாயிண்டில் வழி கிடையாது, துடைக்கவும் வேண்டாம் என்பது என் கட்சி. புதிய பின்னணியை அதற்கு ஒத்துப்போகிறதாகத் தேர்ந்தால் போதும். சுத்த வெள்ளையில் அந்தப் பச்சை அழுக்காகத் தெரியும், சுத்தக் கறுப்பில் எரியும். வெளிறிய வாழைக்குருத்துப் பச்சையிலோ சந்தன நிறத்திலோ வைத்தால், அதுவே பூவுக்குத் திரட்சியாக மாறும். நல்ல ஸ்லைடுகளைச் செய்கிறவர்கள் பின்னணி நிறத்தைக் கடைசியில், வெட்டிய பொருளைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள்.

இந்தக் கருவியில் என்னை மிகவும் ஈர்த்த விஷயம் கோப்புக்குள் ஒளிந்திருக்கிறது. பவர்பாயிண்ட் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் கட்டு. பிரதி ஒன்று எடுத்து, பெயரின் வாலை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே மீடியா என்ற அடைவில் படங்கள் இருக்கும். வெட்டிய செம்பருத்தி இருக்கும், கூடவே வெட்டாத மூலப்படமும் வேறொரு வடிவத்தில் பத்திரமாக இருக்கும். ஸ்லைடைப் பற்றிய எக்ஸ்.எம்.எல். கோப்பைத் திறந்தால், அந்தப் படத்தின் கீழே நாம் போட்ட கோடுகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். கூட்டல் கோடு ‘ஃபோர்கிரவுண்ட் மார்க்’, கழித்தல் கோடு ‘பேக்ரவுண்ட் மார்க்’. ஒவ்வொன்றுக்கும் தொடங்கிய புள்ளி, முடிந்த புள்ளி. படத்தின் முழு அகலத்தை 1,00,000 பங்காகப் பிரித்து, அதில் கோடு எத்தனையாவது பங்கில் தொடங்கியது என்பதுவரை எண்ணாக இருக்கும். காம்பின் நடுவில் போட்ட சிறு கோடு அங்கே நான்கு எண்களாக இருக்கிறது. கத்தியால் வெட்டிய ரூபிலித்தில் வெட்டு மட்டும்தான் மிஞ்சும், வெட்டியவர் எங்கே தயங்கினார் என்பது மிஞ்சாது. இங்கே மிஞ்சுகிறது.

இதில் நடைமுறைப் பயனும் உண்டு. ஒரு பள்ளி ஆசிரியர் தான் செய்த ஸ்லைடை இன்னொரு பள்ளி ஆசிரியருக்கு அனுப்புகிறார். அவருக்கு அந்த இலை வேண்டாம், மொட்டு வேண்டும். படத்தைத் தொட்டு மறுபடி ‘ரிமூவ் பேக்ரவுண்ட்’ அழுத்தினால், நீக்கியதெல்லாம் ஊதாத் திரைக்குப் பின்னால் இன்னும் இருக்கிறது. இலையின்மேல் ஒரு கழித்தல், மொட்டின்மேல் ஒரு கூட்டல். முந்தியவரின் வேலைமேல் தன் வேலையைத் தொடரலாம். ‘ரீசெட் பிக்சர்’ போட்டால் வேலியும் சுவரும் கொடிக்கம்பியும் திரும்பிவிடும். இந்தப் பெருந்தன்மைக்காகவே, வெட்டிய படத்தைப் பி.என்.ஜி. ஆக மட்டும் அனுப்பாமல் பவர்பாயிண்ட் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள் என்று சொல்வேன். பி.என்.ஜி. இல் வெட்டு உறைந்துவிடும்.

இன்று கைப்பேசியே வெட்டித்தருகிறது. ஐஃபோனில் 2022 இல் வந்த ஐ.ஓ.எஸ். 16 முதல், படத்தில் இருப்பவரின்மேல் விரலை வைத்து அழுத்தினால் உருவம் தனியாகத் தூக்கிக்கொண்டு வரும். இணையத்திலும் படத்தைப் போட்டால் நொடியில் வெட்டித்தரும் தளங்கள் இருக்கின்றன. எண்ணற்ற படங்களைப் பார்த்துப் பழகிய கருவிகள் அவை, மனிதர் எப்படி இருப்பார் என்று அவற்றுக்குத் தெரியும். வெள்ளைச் சுவரும் வெள்ளைச் சட்டையும் அவற்றைப் பெரும்பாலும் குழப்புவதில்லை. அஞ்சலி நோட்டீஸுக்கு நேரமில்லாத இரவில் தாராளமாக அவற்றிடம் போகலாம். செம்பருத்தியில்தான் அவற்றோடு எனக்கு ஒத்துவரவில்லை. பூ என்று அவை எதை நினைக்கின்றனவோ அதைத் தரும், ‘கணுவரை காம்பு, ஒரே ஒரு இலை’ என்று சொல்ல அவற்றில் பலவற்றிலும் பென்சில் இல்லை. பாடம் எடுக்கிறவருக்கு வேண்டியது அந்தக் காம்பும் அந்த இலையும்.

பழக விரும்புகிறவர்கள் ஊமத்தம்பூவில் தொடங்கலாம். பெரிய வெள்ளைப் புனல், கரும்பச்சை இலை, ஓடுகிற விளிம்பு. பொத்தானை அழுத்தியதுமே பாதிக்குமேல் வந்துவிடும். அடுத்துச் செம்பருத்தி. அதற்கடுத்துச் சரக்கொன்றை: தொங்கும் கொத்தில் பூக்களுக்கு நடுவே வானம் தெரியும் இடங்களை எவ்வளவு திறப்பது, எவ்வளவு மூடி விடுவது என்று கொத்துக்குக் கொத்து முடிவு செய்ய வேண்டியிருக்கும். முருங்கைப்பூவும், மல்லிகை சூடிய கூந்தலின் பறக்கும் முடிகளும் இந்த இரண்டு பென்சில்களுக்கு அடங்காதவை. ஒரே புள்ளியில் பாதி முடியும் பாதி வானமும் கலந்திருக்கும்போது, ‘இருக்கட்டும்’, ‘போகட்டும்’ என்ற இரண்டே விடைகள் போதாது. அதற்கு ஒளிபுகும் அளவைப் புள்ளிக்குப் புள்ளி கணிக்கிற வேறு கருவி வேண்டும். அந்தப் படத்தை மட்டும் ஃபோட்டோஷாப் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.